பச்சை வாளியின் முறை

செப்டம்பர் 15, திங்கள்

இந்த நோட்டில் எண்பது பக்கங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் துறை முத்திரையும் குத்தியிருக்கிறது. ஆக்னஸ் மேம் எங்களை நம்பும் லட்சணம் அதுதான்.

"இருபத்தொரு நாள். உங்க வயசுப் பிள்ளைங்க தினமும் எப்படி நடந்துக்கறாங்க, ஏன் அப்படி நடந்துக்கறாங்க, சமூக உளவியல் அதுக்கு என்ன சொல்லுது? பார்த்ததை அன்னைக்கே எழுதணும். எனக்காக எழுதாதீங்க, உங்களுக்கு நீங்களே பேசிக்கிற மாதிரி எழுதுங்க. ஒரு பக்கம்கூடக் கிழியக் கூடாது."

சிறந்த நோட்டு அக்டோபர் 15 கருத்தரங்கில் மேடையில் வாசிக்கப்படும். நாலைந்து கல்லூரிகளிலிருந்து ஆட்கள் ஆய்வு வாசிக்க வருவார்கள், பரிசும் உண்டு. அந்த நோட்டு என்னுடையதாகத்தான் இருக்கும். அடக்கமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன்.

பெயர் முத்துப்பேச்சி. எம்.எஸ்ஸி. உளவியல், இரண்டாம் ஆண்டு. பி.எஸ்ஸி. படிக்கும்போதிருந்தே இருப்பு பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதி, அறை எண் ஒன்பது. வகுப்பில் மற்றவர்கள் ஆட்களைக் கவனிக்க பஸ் ஸ்டாண்டுக்கும் ஜூஸ் கடைக்கும் அலையப் போகிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. என் ஆய்வுக்கூடம் விடுதியின் பின்வாசலிலேயே இருக்கிறது. ஒரு குழாய், நாற்பது வாளிகள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

குளியலறைக் குழாய்களில் வருவது உப்புத் தண்ணீர். தலைக்கு ஊற்றினால் சீப்பு பாதியில் நின்றுவிடும். பின்வாசல் குழாயில் மட்டும் ஆற்றுத் தண்ணீர் வரும், காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. நான் சேர்ந்த புதிதில் அந்தக் குழாயடியில் தினமும் சண்டை. ஒருத்தியின் காதுத் தோடே கழன்று சாக்கடைக்குள் போனது.

அப்புறம்தான் நான் வாளி வரிசையைக் கொண்டுவந்தேன். முதல் நாள் சாயங்காலமே வாளியை வைத்துவிடலாம். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. வரிசை நகரும்போது, ஆள் இல்லாத வாளியையும் பின்னால் நிற்பவள் ஒரு அடி முன்னால் தள்ளிவைக்க வேண்டும். முறை வந்தும் ஆள் வரவில்லையென்றால் சுவரோரம் ஒதுக்கிவைக்கலாம். ஆனால் மறுநாள் அந்த வாளிதான் முதலில் நிற்கும். அடுத்தவள் வாளியையோ அதற்குள் இருக்கும் பொருளையோ யாரும் தொட்டு எடுக்கக் கூடாது.

இதை எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. வார்டனுக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் இரண்டு வருடமாக ஒரு சண்டை இல்லை. எழுதாத விதிதான் எழுதிய விதியைவிட வலியது என்று பாடத்தில் வருகிறது. நான் பாடம் படிக்கும் முன்பே செய்துகாட்டியவள்.

செப்டம்பர் 17, புதன்

பக்கத்துக் கட்டில் ஜெபசெல்வி மூக்கில் ஒரு பரு. உலகமே தன்னைப் பார்ப்பதாக நினைத்து முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள். மேடை விளக்கு விளைவு. சாயங்காலம் வந்து, "ஒருத்தருமே கேக்கலட்டி" என்று அதற்கும் வருத்தப்பட்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று விதியை மீறிய ஒருத்தி நேராகவே கிடைத்தாள். ஆய்வுக்கு நல்ல நாள்.

காலை ஆறு மணி. முக்கியமான வேலையாக நான் அறையில் இருந்தேன். வரிசையில் என் வாளி இரண்டாவதாக நின்றது. ரஹ்மத் ஓடிவந்து, "ஏட்டி, ஒன் வாளிய ஒருத்தி தூக்கி அங்கன வச்சுட்டா" என்றாள். ரஹ்மத் பானு என் இன்னொரு அறைத்தோழி, எம்.எஸ்ஸி. கணிதம், எதையும் கூட்டியும் குறைத்தும் சொல்ல மாட்டாள்.

போய்ப் பார்த்தால் பதினான்காம் அறைப் பெண். பி.எட். முதலாண்டு, பெயர் சந்தனமாரி, விளாத்திகுளம் பக்கம். என் வாளி இருந்த இடத்தில் தன் பாத்திரத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் என்றால் வாளிகூட இல்லை, பழைய பெயின்ட் டப்பா.

"யாரு என் வாளிய எடுத்தது?"

"நாந்தாங்க்கா. ஆளே இல்லாத வாளிக்கு எதுக்குக்கா தண்ணி? எனக்கு ஆறு இருபதுக்கு பஸ்ஸு."

"இங்கன வாளிதான் ஆளு. ஒனக்குத் தெரியாதா?"

"வாளி எப்பிடிக்கா ஆளாகும்?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லாவிட்டால் வரிசை குலைந்துவிடும். "பெயின்ட் டப்பா வச்சுக்கிட்டு வந்தா அப்பிடித்தான் கேக்கத் தோணும். மொதல்ல போயி ஒரு வாளி வாங்கிட்டு வா, பொறவு சட்டம் பேசு" என்றேன். நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதிதான் நிறைந்திருந்தது.

ஒருவரை வழிக்குக் கொண்டுவரக் குழுவின் சிரிப்பு ஒன்று போதும் என்பதற்கு இது தெளிவான சான்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

சந்தனமாரி வாளி வாங்கிவிட்டாள். கிளிப்பச்சை நிறம். நகப்பூச்சால் பெயர் எழுதியிருக்கிறாள். மலிவான சரக்கு, கைப்பிடி ஒரு பக்கம் கழன்று நகர்த்தும்போதெல்லாம் லொடலொடவென்று ஆடுகிறது. ஆனால் வரிசையில் ஒழுங்காக நிற்கிறது. நான் ஜெயித்தேன் என்று எழுதினால் ஆய்வுக்கு ஒத்துவராது. விதி ஜெயித்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

மெஸ்ஸில் சந்தனமாரி உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஒருத்தி விலகினால் அடுத்தவளும் விலகுகிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஒத்துப்போதல் என்பது இதுதான். இரண்டு பக்கக் குறிப்பு எடுத்தேன்.

ரஹ்மத் எட்டிப்பார்த்தாள். "யாரும் சொல்லலன்னு எழுதிருக்க. நீதானட்டி ஆரம்பிச்ச?"

"நான் பேசாதீங்கன்னு யார்ட்டயாவது சொன்னனா?"

"சொல்லல. அவ வந்து உக்காந்ததும் தட்டத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போனல்லா. அது போதாதா?"

நான் இடம் மாறியது ஃபேன் காற்றுக்காக. இதைப் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

இன்று வகுப்பில் காரணம் கற்பிக்கும் பிழை. அடுத்தவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாத ஆள் என்போம். நாம் தாமதமாக வந்தால் பஸ் லேட். அதாவது பிறர் செய்வதற்கு அவர்கள் குணம் காரணம், நாம் செய்வதற்குச் சூழ்நிலை காரணம்.

ஆக்னஸ் மேம் உதாரணம் கேட்டார். முதல் ஆளாக எழுந்து ஜெபசெல்வியைப் பற்றி மூன்று உதாரணம் சொன்னேன். வகுப்பே கைதட்டியது. உன்னைப் பற்றி ஒன்று சொல் என்றார் மேம். உடனே எதுவும் தோன்றவில்லை. மணி அடித்துவிட்டது.

செப்டம்பர் 26, வெள்ளி

உப்புமா. எல்லோரும் திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கினார்கள். நானும்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜை விடுமுறை, ஐந்து நாள். மதியத்திலிருந்து விடுதியே பெட்டியும் பையுமாக இருந்தது. வார்டன் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார். ஜெபசெல்வியும் போய்விட்டாள். பதினான்காம் அறையில் மூன்று பேர் போனார்கள். தங்கியிருப்பது பதினெட்டுப் பேர். காவலுக்குச் செல்லக்கனி அக்கா.

வீட்டில் அம்மா கோபித்துக்கொண்டார். ஆய்வை விட்டுவிட்டு எப்படி வர முடியும்? ஆட்கள் குறைந்தால் விதி தளருமா, நிற்குமா என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

சாயங்காலம் எண்ணினேன். வரிசையில் பதினெட்டு வாளிகள். பச்சை வாளியும் உண்டு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. குழாய்க்கும் வாளிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். செல்லக்கனி அக்கா பொரியும் கடலையும் கொடுத்தார். எல்லா விடுதியிலும் புத்தகத்துக்குத்தான் பூஜை போடுவார்கள். வாளிக்குப் போடும் விடுதி எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பச்சை வாளியின் முறை வந்தபோது ஆளைக் காணோம். சுவரோரம் ஒதுக்கினோம். அதற்கும் ஒரு பொட்டு வைத்தோம். பாரபட்சம் கிடையாது.

இன்னொன்று கவனித்தேன். அந்த வாளிக்குள் சோப்பு டப்பா, துண்டு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் அப்படியே இருந்தன. யாரும் தொடவில்லை. ஒரு வாரமாக யாருமே பேசாத பெண்ணின் பொருள்கூட இங்கே பத்திரமாக இருக்கிறது. எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

விதி நிற்கிறது! நேற்று ஒதுங்கிய பச்சை வாளியை இன்று யாரும் சொல்லாமலே முதலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இன்றும் அவள் வரவில்லை. நானே சுவரோரம் நகர்த்தினேன். ஊருக்குப் போயிருப்பாள். சோப்பு, துண்டு, பிரஷ் எல்லாம் பத்திரம்.

அக்டோபர் 3, வெள்ளி

இதுவரை எழுதியதிலேயே சிறந்த குறிப்பு இன்றையது. இதைத்தான் மேடையில் வாசிப்பேன்.

காலை பத்து மணிக்கு மாடித் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. வழிந்த தண்ணீர் ஜன்னல் சட்டத்தில் விழுந்து வாசல்வரை ஓடியது. பதினொன்றரை வரை மோட்டாரை யாரும் அணைக்கவில்லை. கடைசியில் நான்தான் இறங்கிப்போய் அணைத்தேன். பிறகு அறை அறையாகப் போய்க் கேட்டேன், சத்தம் கேட்டதா என்று. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. "வேற யாராவது அமத்துவாவன்னு நெனச்சேன்" என்று ஒன்பது பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

பார்வையாளர் விளைவு. ஒருத்தி மட்டும் இருந்திருந்தால் ஓடியிருப்பாள். பதினெட்டுப் பேர் இருந்ததால் பொறுப்பு பதினெட்டாகப் பங்கு பிரிந்து, யார் கையிலும் தங்கவில்லை. அதோடு, மற்றவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து ஒன்றும் ஆபத்தில்லை போல என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொள்கிறாள். படித்த பெண்கள்தான். ஆனாலும் இப்படித்தான்.

சில அறைகள் பூட்டிக் கிடந்தன. பதினான்கு சாத்தியிருந்தது, தட்டவில்லை.

காலையில் பச்சை வாளி நகர்த்தப்பட்டது. மூன்றாம் நாள்.

அக்டோபர் 4, சனி

ஆஸ்பத்திரி வராந்தா. மணி பதினொன்று. முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்து இப்படித்தான் வரும்.

காலையில் குழாயடிக்குப் போகும் முன் மேடைக்காகக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தலாம் என்று நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். அக்டோபர் 1, பிரஷ். அக்டோபர் 2, பிரஷ். மூன்று நாள் பல் துலக்காத ஒரு பெண். ஊருக்குப் போகிறவள் பிரஷை வைத்துவிட்டா போவாள்?

பதினான்காம் அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. தாழ் போடவில்லை. தள்ளியதும் திறந்துகொண்டது. கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தொட்டால் அனல். பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு கிடந்தது. நான் கத்தியது குழாயடிவரை கேட்டிருக்கிறது. ரஹ்மத்தும் செல்லக்கனி அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். ஆட்டோவில் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

டெங்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

இருபத்தொன்றாம் நாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று இன்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு நாள் கழித்து வந்திருந்தால் எங்களால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். சந்தனமாரியின் அம்மா நேற்று மாலையே வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ராத்திரி காய்ச்சல் ஆரம்பித்திருக்கிறது. அறைத்தோழி ஒருத்தி அவள் சார்ஜரை மறந்து ஊருக்கு எடுத்துப்போனதால் போன் அணைந்துவிட்டது. அம்மா அழைத்து அழைத்துப் பார்த்து, விடுமுறையில் பிள்ளை படிக்கிறாள் போல என்று இருந்திருக்கிறார்.

வார்டன் ஊரிலிருந்து ஓடிவந்தார். எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "பதினெட்டுப் பேர்ல ஒருத்திக்குத்தான் கண்ணு இருந்திருக்கு" என்றார். என் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். நூற்று நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

ஆக்னஸ் மேம் துறைக்கு வரச்சொன்னார். கதை அவருக்கும் போயிருந்தது. "பார்வையாளர் விளைவைப் படிக்கிறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, பேச்சி. அதை உடைச்சவ நீ. பதினஞ்சாம் தேதி உன் நோட்டைத்தான் வாசிக்கிறோம்."

தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

நோட்டு நனைந்துவிட்டது என்று துறை அலுவலகத்தில் சொல்லி, முத்திரை குத்திய புது நோட்டு ஒன்று வாங்கிவந்தேன்.

இருபத்தொரு நாளையும் அதில் நகல் எடுக்கிறேன். சின்னச் சின்ன மாற்றம்தான். அக்டோபர் 2-இல் 'ஊருக்குப் போயிருப்பாள்' என்பதை 'எங்கே போனாள், விசாரிக்க வேண்டும்' என்று மாற்றினேன். அக்டோபர் 3-இல் பதினான்காம் அறைக் கதவைத் தட்டிப்பார்த்ததாகச் சேர்த்தேன். பெயின்ட் டப்பாவை எடுத்துவிட்டேன். புது நோட்டில் எல்லாம் அழகாக இருக்கிறது. கையெழுத்துகூட.

பிறகு ஏன் இதைப் பழைய நோட்டில் எழுதுகிறேன்? பழக்க தோஷம்.

அக்டோபர் 9, வியாழன்

நகல் முடிந்தது. ரஹ்மத்திடம் காட்டினேன். வாசித்துவிட்டு மூடி வைத்தாள்.

"நல்லா இருக்கு. யாரு எழுதுனது?"

நோட்டைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அக்டோபர் 11, சனி

சந்தனமாரி விடுதிக்கு வந்துவிட்டாள். ஊருக்குக் கூட்டிப்போக அம்மாவுக்கு ஆசை. பயிற்சி நாள் குறைந்தால் வருடமே போய்விடும் என்று இவள் பிடிவாதம். வாசலில் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் பிள்ளைய மீட்டுக் குடுத்த தாயி" என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

பிறகு பதினான்காம் அறையில் நானும் அவளும் மட்டும். ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாள். திறந்தேன். நேர் கீழே குழாய். அந்த ஜன்னல் அங்கே பார்த்திருப்பது இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது.

"யக்கா, ஏம் வாளிய மூணு நாளும் நீங்கதான் பாத்துப் பாத்து நகத்துனீகளாம்ல. செல்லக்கனி அக்கா சொன்னாக."

"ம்."

"எனக்குக் கேட்டுச்சுக்கா. ஏம் வாளி கைப்பிடி லொடலொடங்கும்ல, அந்தச் சத்தத்த வச்சே தெரியும். மொத நாளு கேட்டதும், சரி, ஏம் முறை வந்துருச்சு, ஆளக் காணமேன்னு இப்ப யாராச்சும் மேல வருவாகன்னு படுத்துக் கெடந்தேன். மறுநாளும் கேட்டுச்சு. மூணாம் நாளு எந்திரிச்சு ஜன்னலுக்கு வரலாம்னு பாத்தேன். கீழ விழுந்துட்டேன்."

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஏதோ சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். அந்த வாளியை நகர்த்தும்போதெல்லாம் நல்ல காரியம் செய்கிறோம் என்று நான் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். மேலே ஒருத்தி அந்தச் சத்தத்தை நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பழைய நோட்டைச் சந்தனமாரியிடம் கொடுத்தேன். "வாசி. எல்லாத்தையும் வாசி" என்றேன். வாசிக்கும் வரை வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம்.

கூப்பிட்டாள். போனேன். பெயின்ட் டப்பாவைப் பற்றி எழுதிய பக்கத்தில் விரலை வைத்திருந்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்குக்கா. முக்கியமான வேலையா ரூம்ல இருந்தேன்னு எழுதிருக்கீக. அன்னைக்கு வாளி எடுக்கதுக்கு முன்னாடி ஒங்க ரூமுக்கு வந்து பாத்தேன். போத்திப் படுத்து ஒறங்கிட்டு இருந்தீக. எழுப்பப் பாவமா இருந்துச்சு. அதான் நானே எடுத்து வச்சேன்."

அவள் என்னை வந்து பார்த்திருக்கிறாள். வாளியைத் தொடும் முன்பு, வாளிக்காரி எங்கே என்று தேடி வந்திருக்கிறாள். இந்த விடுதியில் இரண்டு வருடத்தில் அதைச் செய்தது இந்த ஒருத்திதான். அவளைத்தான் முப்பது பேர் பார்த்துச் சிரிக்கும்படி நிறுத்தினேன்.

"மன்னிச்சிரு மாரி."

"அதெல்லாம் பொறவு பாக்கலாம். இந்தத் தப்பத் திருத்தி எழுதுங்க மொதல்ல."

எழுதுகிறேன். செப்டம்பர் 19, காலை ஆறு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 23, மெஸ்ஸில் ஃபேன் எந்தப் பெஞ்சுக்கும் ஒரே மாதிரிதான் வீசும்.

கிளம்பும்போது கேட்டாள். "பதினஞ்சாம் தேதி எத வாசிக்கப் போறீக?"

"இதத்தான்."

"ஒங்க பேரு கெட்டுப்போகும்லக்கா."

"போகட்டும்" என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. படி இறங்கும்போது இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

புது நோட்டை ரஹ்மத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்துவிட்டேன். மீதி நாற்பத்திரண்டு பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். பிறகு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 15, புதன்

அரங்கில் இருநூறு பேர். முதல் வரிசையில் வார்டன். கடைசி வரிசையில் எங்கள் விடுதிப் பெண்கள், நடுவில் சந்தனமாரி.

ஆக்னஸ் மேம் என்னை அறிமுகப்படுத்தினார். "விழிப்பு", "துணிவு" என்றெல்லாம் வந்தன. ஒலிபெருக்கி முன் நின்று முதல் வரியாக இதைச் சொன்னேன்: "மேம் சொன்னது இந்த நோட்டில் இல்லை. நோட்டில் இருப்பதை வாசிக்கிறேன்."

எதையும் விடவில்லை. பெயின்ட் டப்பா, முப்பது பேர் சிரிப்பு, தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தது, குங்குமப் பொட்டு, பிரஷ், தட்டாத கதவு. மோட்டார் பக்கத்தை வாசிக்கும்போது சிலர் சிரித்தார்கள். "காலையில் பச்சை வாளி நகர்த்தப்பட்டது. மூன்றாம் நாள்" என்று வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. புது நோட்டு வாங்கிய பக்கம் வந்ததும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் வாசித்தேன்.

கடைசியில் எழுதிவைக்காத ஒன்றைச் சொன்னேன். "இத்தனை கோட்பாடும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அடுத்தவர்மேல் மட்டும் பொருத்திப் பார்த்தேன். பதினெட்டுப் பேரில் பொறுப்பு யாரிடமும் தங்கவில்லை என்று எழுதியபோது, என்னைச் சேர்க்காமல் பதினேழு பேரைத்தான் எண்ணியிருந்தேன்."

கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது அது கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தது.

பரிசு எனக்கு இல்லை. செல்ஃபிக்கு முன்னும் பின்னும் முகபாவம் மாறுவதைப் பற்றி ஆராய்ந்த வேறு கல்லூரிப் பெண்ணுக்குப் போனது. நகல் நோட்டு விஷயத்துக்காக ஆக்னஸ் மேம் பத்து மதிப்பெண் குறைத்துவிட்டார். வார்டன் ஸ்டேட்டஸிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கும்போது மேம் காதருகே குனிந்து, "அன்னைக்கு உன்னைப் பத்தி ஒரு உதாரணம் கேட்டேன். இருபத்தொரு நாள் கழிச்சுச் சொல்லிட்டே" என்றார்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்த வார்த்தையை இந்த நோட்டில் முன்பும் எழுதியிருக்கிறேன். அப்போது எழுதியதும் இப்போது எழுதுவதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரிகிறது.

அக்டோபர் 16, வியாழன்

இன்று பத்து மணிக்கு நோட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு குறிப்பு.

காலை ஐந்தே முக்கால். குழாயடியில் வரிசை. எனக்கு முன்னால் பச்சை வாளி. அதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அதன் முறை வந்தது. தள்ளிவைக்க என் கை தானாகப் போனது. கைப்பிடி லொடலொடவென்று ஆடியது.

அவ்வளவுதான். "மாரி எங்கட்டி?" என்று நான் கத்தியபோது ரஹ்மத்தும் அதையே கத்தினாள். ஜெபசெல்வி அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டாள். வரிசையில் நின்ற இருபது பேரும் வாளியைப் போட்டுவிட்டு மேலே பார்த்து, "மாரீ! மாரீ!" என்று கூப்பிட்டார்கள். செல்லக்கனி அக்கா வாசலிலிருந்து விளக்குமாறோடு ஓடிவந்தார்.

பதினான்காம் அறை ஜன்னல் பட்டென்று திறந்தது. சந்தனமாரி தலையை நீட்டினாள். கோபமாக ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் வாயில் பிரஷ் இருந்தது.